கிளெரிக் என்றொரு பூசாரி: பதிப்புக்குப் பதிப்பு மாறிய கதை

போன கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்தது. ஒரு பூசாரியிடம் இரண்டு வரம் இருந்தது. அதில் ஒன்றை அவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விடுவது என்று நான்கு பேர் இரவு பதினொரு மணி வரை சண்டை போட்டோம். கீழேயிருந்து அம்மா மூன்று தடவை கூப்பிட்டும் யாரும் சாப்பிடப் போகவில்லை.

பயப்பட வேண்டாம் நண்பர்களே, அந்தப் பூசாரி நிஜ ஆள் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டில் வரும் ஒரு பாத்திரம். ஆனால் அன்றைக்கு நடந்த சண்டைக்குக் காரணம் தேடப் போய், ஐம்பது வருட வரலாறு ஒன்று கையில் சிக்கியது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இது கம்ப்யூட்டர் விளையாட்டு அல்ல. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ஆட்டம். ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி என்று ஏதாவது ஒன்று. என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். தாயக்கட்டையும் கூத்தும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சோழவரத்துக்கு இது எப்படி வந்தது என்றால், பெரியம்மா பையன் மூலமாக. அண்ணன் இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கல்லூரி விடுதியில் இருந்தபோது மூன்றரையாம் பதிப்பின் ஜெராக்ஸ் கட்டு ஒன்றை யாரிடமிருந்தோ வாங்கி, ஆடக் கற்றுக்கொண்டு வந்து எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். (ஆமாம், மூன்றரை. அந்தக் கதை பின்னால் வருகிறது.) இருபது முகப் பகடை அப்போது எங்களுக்குக் கிடைக்கவில்லை. 1 முதல் 20 வரை சீட்டு எழுதி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். அண்ணனுடைய பாத்திரம் ஒரு அம்மன் கோயில் பூசாரி. ஏழாம் நிலை வரை வளர்த்திருந்தார். ஷிப்ட் மாறிய பிறகு அவரால் வர முடியவில்லை. பூசாரியின் தாளை என் கையில் கொடுத்து, "பாத்துக்கடா" என்றார். நாங்களோ ஐந்தாம் பதிப்புக்கு மாறிவிட்டிருந்தோம். பழைய தாளைப் புதிய விதிக்கு மாற்ற உட்கார்ந்தபோதுதான் அந்தப் பஞ்சாயத்து.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

விளையாட்டு வெளிவந்தது 1974-ல். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் எழுதினார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற ஊரிலிருந்து டிஎஸ்ஆர் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. மூன்று சிறு புத்தகங்கள். மூன்றே வகுப்புகள்: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக். சண்டைக்காரனும் மந்திரவாதியும் எல்லா ஊர்க் கதையிலும் உண்டு. அவர்களுக்கு நடுவில் இந்தச் சாமியார் எப்படி நுழைந்தார்?

இதற்கான பதில் எனக்கு மிகவும் பிடித்தது. புத்தகம் வருவதற்கு முன்பே, 1971 முதல், மினியாபோலிஸ் பக்கம் ஆர்னசன் தன் நண்பர்களுக்கு பிளாக்மூர் என்ற கற்பனை ஊரில் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தார். அதில் ஒரு நண்பரின் பாத்திரம் ரத்தக்காட்டேரியாக மாறிவிட்டது. சர் ஃபேங் என்று பெயர். அது வளர்ந்து வளர்ந்து யாராலும் அடக்க முடியாத நிலைக்குப் போய்விட்டது. அதை எதிர்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. மைக் கார் என்ற நண்பர் பூசாரியாக ஆடத் தொடங்கினார். அந்தக் காலத்து ஹாமர் கம்பெனி டிராகுலா படங்களில் பீட்டர் குஷிங் நடித்த வான் ஹெல்சிங் பாத்திரம்தான் முன்மாதிரி. சிலுவையை நீட்டியதும் காட்டேரி பின்வாங்குமே, அதே காட்சி. கிளெரிக்கின் பேயோட்டும் சக்தி இப்படிப் பிறந்ததுதான்.

அதாவது இந்த வகுப்பு வேத சாஸ்திர ஆராய்ச்சியில் பிறக்கவில்லை. கூட இருந்த நண்பன் ஒருத்தனின் அட்டகாசத்தை அடக்கப் பிறந்தது :-)

ஆனால் எழுத்தில் வந்தபோது வேறு சரக்குகளும் சேர்ந்துகொண்டன. கோலைப் பாம்பாக்குவது, பூச்சிப் படையை ஏவுவது, செத்தவரை எழுப்புவது என்று மந்திரங்களில் பல நேராக பைபிளிலிருந்து வந்தவை. கூர்மையான ஆயுதம் கூடாது, கதாயுதம் போன்றவை மட்டும் என்று ஒரு கட்டுப்பாடு. இதற்கு 1066 ஹேஸ்டிங்ஸ் போரைச் சித்திரிக்கும் பாயோ திரைச்சீலையில் பிஷப் ஓடோ கையில் தடியுடன் இருப்பதைக் காரணமாகச் சொல்வார்கள். திருச்சபை ஆள் ரத்தம் சிந்தக் கூடாது, ஆகவே தடி என்பது வாதம். மண்டையில் கதையால் அடித்தால் ரத்தம் வராதா என்று யாரும் கேட்கவில்லை போலும். பழைய பிரெஞ்சுக் காவியமான ரோலண்ட் பாட்டில் வரும் பேராயர் டர்பின் வாளோடுதான் சண்டை போடுகிறார். ஆகவே இது வரலாறு என்பதைவிட ஆட்டத்தின் சமநிலைக்கான விதி என்று எடுத்துக்கொள்வதே நல்லது. மந்திர வாள்கள் சண்டைக்காரனுக்கே என்று ஒதுக்க அது உதவியது.

இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கிராமப் பாதிரி, விகார், கியூரேட், பிஷப் என்று வரிசையாகக் கிறிஸ்தவப் பெயர்களாக ஏறிக்கொண்டே போய், பிஷப்புக்கு மேல் திடீரென்று "லாமா" வருகிறார்! அவருக்கு மேல் பேட்ரியார்க். திபெத்திலிருந்து லாமாவைத் தூக்கிவந்து பிஷப்புக்கு மேலே உட்கார வைத்த அந்தத் துணிச்சலை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் பெரிய விஷயம் என்னவென்றால், 1974 புத்தகங்களில் கிளெரிக்குக்கு எந்தத் தெய்வம் என்ற கேள்வியே எழவில்லை. ஒழுங்கின் பக்கமா, குழப்பத்தின் பக்கமா என்பது மட்டும்தான் கேள்வி. முதல் நிலையில் மந்திரமும் கிடையாது. முதலில் உன்னை நிரூபி, அப்புறம் தருகிறோம் என்கிற மாதிரி.

தெய்வங்கள் 1976-ல் வந்தார்கள். "காட்ஸ், டெமி காட்ஸ் அண்ட் ஹீரோஸ்" என்ற சிறு புத்தகம். பிறகு 1980-ல் "டெய்டீஸ் அண்ட் டெமி காட்ஸ்" என்று பெரிதாக. கிரேக்கம், எகிப்து, நார்ஸ் என்று வரிசையாக வரும் அத்தியாயங்களில் நம் ஊருக்கும் ஒன்று. இந்திரன், அக்னி, வருணன், காளி எல்லோரும் இருக்கிறார்கள். கார்த்திகேயனும் இருக்கிறார். அவர் நம் முருகன் என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் கவசம் இத்தனை, உயிர்ப்புள்ளி இத்தனை என்று பூதத்துக்கும் டிராகனுக்கும் போடுவது போலவே கணக்கு. முருகனுக்கு உயிர்ப்புள்ளி! இதைக் கேட்டு என் நண்பன் ஒருவன் உண்மையாகவே கோபப்பட்டான். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உயிர்ப்புள்ளி போட்டுவிட்டால், அதைப் பூஜ்யமாக்கலாம் என்று அர்த்தம் வந்துவிடுகிறதே.

இதற்கிடையில் 1978, 79-ல் "அட்வான்ஸ்டு" என்ற அடைமொழியோடு தடித்த புத்தகங்கள் வந்தன. அதில் கிளெரிக்குக்கு முதல் நிலையிலேயே மந்திரம் கிடைத்தது. ஞானம் அதிகமிருந்தால் கூடுதல் மந்திரம். 1979-ல் வந்த ஆட்டம் நடத்துபவர் கையேட்டில் கைகாக்ஸ் ஒரு நுட்பமான விஷயம் எழுதினார். முதல் இரண்டு படி மந்திரங்கள் பூசாரியின் சொந்தப் பயிற்சியாலும் நம்பிக்கையாலும் வருபவை. மூன்று முதல் ஐந்து வரை தெய்வத்தின் பரிவாரங்கள் தருபவை. ஆறும் ஏழும் தெய்வமே நேரில் தருவது. அதாவது, தெய்வத்தைக் கோபப்படுத்தினால் மேலேயிருந்து ஒவ்வொன்றாக வெட்டு விழும். ஒரு விளையாட்டுப் புத்தகத்தில் இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. நம் கோயில்களிலும் பிராகாரத்தில் பரிவார தெய்வங்களைக் கும்பிட்டுவிட்டுத்தானே மூலவரிடம் போகிறோம்.

இரண்டாம் பதிப்பு 1989-ல் டேவிட் குக் தலைமையில் வந்தது. பல பேர் இதை அலுப்பான பதிப்பு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூசாரி விஷயத்தில் மிகப் பெரிய தாவல் இங்கேதான் நடந்தது. மந்திரங்களை எல்லாம் "ஸ்பியர்" என்று பதினாறு வட்டங்களாகப் பிரித்தார்கள். குணப்படுத்தல், போர், தாவரம், சூரியன், வானிலை, காவல் இப்படி. ஒவ்வொரு தெய்வத்தின் பூசாரிக்கும் சில வட்டங்கள் முழுசாகத் திறக்கும், சில மூன்றாம் படி வரை மட்டும், மீதி கிடையவே கிடையாது. ஆயுதக் கட்டுப்பாடும் தெய்வத்துக்குத் தக்கபடி மாறும். காடு காக்கும் டிரூயிட்கூட அப்படிப்பட்ட சிறப்புப் பூசாரிக்கு ஒரு உதாரணமாகக் காட்டப்பட்டார். 1996-ல் வந்த "ஃபெய்த்ஸ் அண்ட் அவதார்ஸ்" புத்தகத்தைப் பார்த்தால், தெய்வத்துக்குத் தெய்வம் தனித்தனிப் பூசாரி வகுப்பு. ஐயனார் பூசாரியும் அம்மன் பூசாரியும் பெருமாள் கோயில் பட்டரும் ஒன்றா என்ன? அந்த வித்தியாசத்தை விதியாகவே எழுதிய ஒரே பதிப்பு இதுதான்.

பிரச்சினை என்ன? குழுவில் ஒருவர் "நான் கடல் தெய்வத்தின் பூசாரி" என்று வருவார். சண்டையில் அடிபட்டு எல்லோரும் கிடக்கும்போது "எனக்குக் குணப்படுத்தும் வட்டம் கிடையாதே" என்பார். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்த வாரம் அவரை வேறு தெய்வம் கும்பிடச் சொல்வார்கள். கூடவே, ஒவ்வொரு சிறப்புப் பூசாரியும் ஒவ்வொரு எழுத்தாளர் கையில் பிறந்ததால் சிலர் நோஞ்சானாகவும் சிலர் ராட்சசனாகவும் இருந்தார்கள்.

1997-ல் டிஎஸ்ஆர் நொடிந்துபோய் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற நிறுவனம் அதை வாங்கியது. 2000-ல் மூன்றாம் பதிப்பு. ஜொனாதன் ட்வீட், மாண்டே குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் வடிவமைத்தது. பதினாறு வட்டங்கள் போய், ஒவ்வொரு கிளெரிக்கும் இரண்டு "டொமைன்" தேர்ந்தெடுக்கலாம் என்று வந்தது. பொதுப் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றே, டொமைன் என்பது அதன்மேல் தூவும் மசாலா. டொமைன் மந்திரம் தவிர, தயார் செய்து வைத்த எந்த மந்திரத்தையும் நல்ல கிளெரிக் அந்த நொடியே குணப்படுத்தும் மந்திரமாக மாற்றிக்கொள்ளலாம். கடல் பூசாரி பிரச்சினை ஒரே அடியில் தீர்ந்தது. ஏழு படியாக இருந்த மந்திரம் மந்திரவாதிக்கு இருப்பது போல் ஒன்பது படியானது. கதாயுதக் கட்டுப்பாடும் போனது.

இதோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது, "கன்வர்ஷன் மேனுவல்". ஸ்கிப் வில்லியம்ஸ் எழுதியது. பழைய பாத்திரத்தைப் புதிய பதிப்புக்கு எப்படி மாற்றுவது என்பதற்கான வழிகாட்டி. பத்து வருடம் ஆடி வளர்த்த பாத்திரத்தை யார் தூக்கிப்போடுவார்கள்? ஆனால் சிறப்புப் பூசாரிக்கு மூன்றாம் பதிப்பின் அடிப்படைப் புத்தகத்தில் நேரான வகுப்பே கிடையாது. கிளெரிக் ஆகி, பொருத்தமான இரண்டு டொமைனை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தனித்தன்மை போயிற்று, ஆனால் பலம் கூடிற்று. ஊர்ச் சாமியைப் பெரிய கோயிலோடு சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் பார்த்திருக்கிறோமே. கோபுரம் வரும், மின்விளக்கு வரும், கிடா வெட்டு நின்றுபோகும். அந்த மாதிரி.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. தெய்வமே இல்லாமல், ஒரு கொள்கையை மட்டும் நம்பியும் கிளெரிக் ஆகலாம் என்று இந்தப் பதிப்பு அனுமதித்தது. 1979-ல் ஆறாம் படி மந்திரத்தைத் தெய்வம் நேரில் வந்து தந்தது. 2000-ல் தெய்வம் விருப்பப் பாடம்!

2003-ல் திருத்திய பதிப்பு வந்தது. அதற்கு 3.5 என்று பெயர், நாங்கள் மூன்றரை என்போம். கிளெரிக்கும் டிரூயிடும் அதில் எவ்வளவு பலசாலிகள் என்றால், இரண்டு பேரையும் காட்ஸில்லாவோடு சேர்த்து "கோட்ஸில்லா" என்று ஆட்டக்காரர்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். சண்டைக்காரனைவிட நன்றாகச் சண்டை போடும் பூசாரி இருந்தால் சண்டைக்காரனுக்கு என்ன வேலை?

2008-ன் நான்காம் பதிப்பு இதைச் சரிசெய்யப் போய் எல்லாவற்றையும் மாற்றியது. கிளெரிக்கின் வேலை "தலைவர்" என்று வரையறுக்கப்பட்டது. அடிப்பதோடு கூட இருப்பவர்களையும் தேற்ற வேண்டும். தினசரி மனப்பாடம் செய்யும் மந்திரங்கள் போய், எப்போதும், மோதலுக்கொரு முறை, நாளுக்கொரு முறை என்ற சக்திகள் வந்தன. "தெய்வீகம்" என்பது சக்தியின் ஊற்றுகளில் ஒன்றானது. அதே ஊற்றிலிருந்து பாலடினும், 2009-ல் அவெஞ்சர், இன்வோக்கர் என்ற இரண்டு புது வகுப்புகளும் வந்தன. பழைய பாத்திரங்களை மாற்ற வழி உண்டா என்று கேட்டவர்களுக்கு, புதிதாகத் தொடங்குங்கள் என்பதே பதில். கோபித்துக்கொண்ட ஒரு கூட்டம் பைசோ நிறுவனம் 2009-ல் வெளியிட்ட பாத்ஃபைண்டருக்குப் போய்விட்டது. அது 3.5-ன் தம்பி.

பாத்ஃபைண்டரைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2010-ல் அதில் "ஆரக்கிள்" என்று ஒரு வகுப்பு வந்தது. தெய்வத்தை இவர் தேர்ந்தெடுப்பதில்லை, தெய்வம்தான் இவரைப் பிடித்துக்கொள்கிறது. சக்தி தானாக வரும், கூடவே ஒரு சாபமும் வரும். கண் மங்கும், கால் நொண்டும், அல்லது புரியாத மொழியில் பேச்சு வரும். படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர் ஆடித் திருவிழாதான். சாமியாடி காலையில் எழுந்து மந்திரம் மனப்பாடம் செய்வதில்லை. பம்பையும் உடுக்கையும் முழங்கும்போது சாமி இறங்குகிறது, குறி சொல்கிறது, மலை ஏறுகிறது. மறுநாள் அவர் வழக்கம்போல வேலைக்குப் போகிறார். சிலுவையும் கதையுமாகப் பிறந்த கிளெரிக் வகுப்பில் இவருக்கு இடமே இல்லை. ஆரக்கிள் கொஞ்சம் பக்கத்தில் வருகிறார்.

ஐந்தாம் பதிப்பு 2014-ல் வந்தது. பழைய ரசிகர்களைத் திருப்பி அழைக்கும் பதிப்பு. டொமைன் மறுபடி வந்தது, ஆனால் இரண்டு அல்ல, ஒன்றே ஒன்று. அறிவு, உயிர், ஒளி, இயற்கை, புயல், தந்திரம், போர் என்று ஏழில் ஒன்றை முதல் நிலையிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். மசாலா மாதிரி இல்லாமல் அதுவே பாத்திரத்தின் முதுகெலும்பு. 2024-ல் வந்த திருத்தத்தில் அந்தத் தேர்வு மூன்றாம் நிலைக்குத் தள்ளிப்போனது. அதாவது முதல் இரண்டு நிலை வரை பூசாரிக்குத் தன் தெய்வத்தின் முகம் தெளிவாகத் தெரியாது. 1974-ல் மந்திரத்துக்குக் காத்திருந்தார், 2024-ல் டொமைனுக்குக் காத்திருக்கிறார்.

இப்போது மொட்டை மாடிக்கு வருகிறேன்.

அண்ணனுடைய பூசாரிக்கு மூன்றரையில் இரண்டு டொமைன்: சூரியன், குணப்படுத்தல். நாங்கள் ஆடும் 2014 விதியில் அதற்கு நேரானவை ஒளி, உயிர். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். இலவசமாகக் கிடைக்கும் அடிப்படை விதித் தொகுப்பில் உயிர் டொமைன் மட்டும்தான் இருக்கிறது. ஒளி வேண்டுமென்றால் விலைகொடுத்து வாங்கும் புத்தகத்தில் பார்க்க வேண்டும். ஒரு சீனியரிடம் இரண்டு நாள் இரவல் வாங்கி வைத்திருந்தோம்.

"உயிர் எடு, குழுவில் வேற யாருக்கும் குணப்படுத்தத் தெரியாது" என்றான் ஒருவன். "அம்மன் கையில தீச்சட்டி இருக்கு, ஒளிதான்" என்றான் இன்னொருவன். நான் கணக்குப் பார்த்தேன். சூரிய டொமைனின் சிறப்பே பிணப்பேயை விரட்டுவதோடு நிற்காமல் அழித்துவிடும் சக்திதான். ஐந்தாம் பதிப்பில் ஐந்தாம் நிலை தாண்டிய எல்லா கிளெரிக்கும் சின்னப் பிணப்பேய்களை அழிப்பார்கள். ஆக அது எப்படியும் கிடைத்துவிடும். ஏழாம் நிலையில் நான்காம் படி மந்திரம் என்பது இரண்டு பதிப்பிலும் ஒன்றே. கணக்குப்படி உயிர்தான் சரி. ஆனால் தாளைப் பார்க்கும்போது மனசு ஒப்பவில்லை.

கடைசியில் அண்ணனுக்கே போன் போட்டோம். நைட் ஷிப்ட் டீ நேரம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏன்டா, அம்மை போட்டா என்ன சொல்வாங்க? ஆத்தா வந்திருக்கான்னு தானே? சூட்டைக் குடுக்கிறதும் அவதான், வேப்பிலையும் மஞ்சத்தண்ணியுமா குளுத்துறதும் அவதான். ரெண்டும் வேற வேறயா?"

யாரும் பேசவில்லை. சூரியன் தனி, குணப்படுத்தல் தனி என்று பிரித்தது விஸ்கான்சின்காரர்களும் சியாட்டில்காரர்களும். மாரியம்மனிடம் அந்தக் கோடே கிடையாது. தவறு அண்ணன் பூசாரியிடம் இல்லை, பட்டியலில் இருந்தது. இதை முன்பே யோசித்திருந்தால் சாப்பாடு ஆறியிருக்காது.

உயிர் டொமைனை எடுத்தோம். அதில் வரும் "ஸ்பிரிச்சுவல் வெப்பன்" மந்திரத்தைக் கழற்றிவிட்டு, ஒளி டொமைனிலிருந்து "ஃப்ளேமிங் ஸ்பியர்" என்ற உருளும் தீக்கோளத்தைப் போட்டோம். இரண்டும் இரண்டாம் படி, ஆகவே சமநிலை கெடாது. ஆட்டம் நடத்துபவன் முதலில் முறைத்தான், பிறகு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான். தீக்கோளம் விட்ட நாளில், படுக்கப் போகும் முன் பூசாரி யாராவது ஒருவரைக் குணப்படுத்தியே தீர வேண்டும். அது எந்தப் பதிப்பிலும் இல்லாத விதி.

புதுத் தாளை எழுதி முடித்தபோது மணி பன்னிரண்டு. பழைய தாளை மடித்து, சீட்டுகளோடு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணனுக்கு அடுத்த மாதம் பகல் ஷிப்டாம்.